பெயர் வரிசை

ஜோதிமணி அந்தக் கண் மருத்துவமனை அலுவலகத்தில் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அங்கே கம்ப்யூட்டர் வந்து இரண்டரை வருடம். மைசூர் சாமுண்டிபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில், ஒரு ட்ரஸ்ட் நடத்திய சிறிய மருத்துவமனை அது. கிராமங்களில் முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களின் பெயரை எழுதிக்கொண்டு வந்து, பிறகு தேதி குறித்துக் கடிதம் அனுப்பி, பஸ் வைத்து அழைத்து வந்து இலவசமாக அறுவை செய்வார்கள்.

கம்ப்யூட்டர் அறைக்கு ஒரே ஒரு சாவி. அது ஜோதிமணியின் கைப்பையில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கன்னடத்தில் ஒரு அட்டை எழுதி அவளே கதவில் மாட்டியிருந்தாள். டாக்டர்களும் கழற்றினார்கள். ட்ரஸ்ட் நிர்வாகி விஜய்குமார் எதையாவது அச்செடுக்க வேண்டுமென்றால் வாசலில் நின்று, "ஜோதிமணி, நேரம் இருக்கா?" என்று கேட்பார். ஹனூரில் மக்காச்சோளமும் ராகியும் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்து, கல்யாணமாகி மைசூருக்கு வந்து, ஆறு மாத வகுப்பு படித்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் அவள். அந்தக் கேள்விக்காகவே காலையில் பத்து நிமிடம் முன்னதாக வருவாள்.

1998 ஜூலையில் அனுப்ரியா சேர்ந்தாள். வயது இருபத்திரண்டு. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழை யோசித்து யோசித்துப் பேசுவாள். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து வெளி நோயாளிகளுக்குச் சீட்டுப் போடுவது அவள் வேலை. ஆறு மாதம் தற்காலிகம், டிசம்பர் முடிவில் பார்த்து நிரந்தரம் செய்வார்கள். முதல் வாரம் அவளை ஜோதிமணிக்குப் பிடித்துத்தான் இருந்தது. கொண்டு வந்த பிசிபேளே பாத்தில் பாதியை மூடியில் வைத்துத் தருவாள்.

இரண்டாவது வாரம் ஆண்டு விழா அழைப்பு வந்தது. நூற்று எண்பது பேருக்குத் தனித்தனியே பெயர் போட்டுக் கடிதம் அனுப்ப வேண்டும். ஐந்து நாள் ஆகும் என்று ஜோதிமணி சொன்னாள். அவள் கணக்கு சரிதான். ஒரு கடிதத்தை அச்செடுத்ததும் அதிலேயே பெயரை அழித்து அடுத்த பெயரை அடிப்பாள், பிறகு விலாசத்தை அழித்து அடுத்த விலாசம். ஒரு நாளைக்கு நாற்பது வரை போகும். தப்பு வராது.

அப்போது அனுப்ரியா ஏதோ கேட்க உள்ளே வந்தாள். கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தாள். பிறகு, மெயில் மெர்ஜ் செய்தால் சீக்கிரம் முடியுமே அக்கா என்றாள். விலாசமெல்லாம் ஒரு பட்டியலாக இருந்தால் போதும், கடிதத்தை ஒரு தடவை எழுதினால் மற்றதைக் கம்ப்யூட்டரே நிரப்பிக்கொள்ளும் என்றாள். ஜோதிமணி, தெரியும், ஆனால் நம் பிரிண்டரில் அது சரியாக வராது என்று சொல்லிவிட்டாள். அவளுக்குத் தெரியாது. அந்தப் பெயரையே அன்றுதான் கேட்டாள்.

மறுநாள் அவள் மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தபோது, கம்ப்யூட்டர் அறை திறந்திருந்தது. முந்தின நாள் மாலை சாவியை விஜய்குமாரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நூற்று எண்பது கடிதங்களும் மேஜையில் அடுக்கியிருந்தன. அட்டெண்டர் காளியப்பன் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தான். அனுப்ரியா திரும்பிப் பார்த்து, பிரிண்டரில் நன்றாகவே வந்தது அக்கா என்று சந்தோஷமாகச் சொன்னாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஜோதிமணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. கம்ப்யூட்டரில் ஓடும் அனுப்ரியாவின் விரல்களைப் பார்ப்பதே அவளுக்கு வேலையாகிவிட்டது. ஒரு வரியை நகல் எடுக்க ஜோதிமணி மௌஸைப் பிடித்து மேலே போய், மெனுவைத் திறந்து, இறங்கித் தேடுவாள். அந்தப் பெண் இரண்டு பொத்தானை ஒருசேரத் தட்டுவாள், முடிந்துவிடும். மருத்துவமனையின் நீளமான பெயரையும் விலாசத்தையும் ஜோதிமணி ஒரு நாளைக்கு முப்பது தடவை முழுசாக அடித்துக்கொண்டிருந்தாள். அனுப்ரியா இரண்டு எழுத்து அடித்து இடைவெளி விட்டால் நான்கு வரி விலாசமும் தானாக வந்து நின்றது. ஒரு தடவை சொல்லி வைத்துவிட்டால் போதும் அக்கா என்றாள். இரண்டரை வருடமாக அந்தப் பெட்டிக்குள் இந்த வசதி சும்மா கிடந்திருக்கிறது, தனக்குத் தெரியவில்லை என்பது ஜோதிமணியின் நெஞ்சில் முள் மாதிரி நின்றது.

விஜய்குமார் இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் அறை வாசலில் நிற்பதில்லை. வரவேற்பு மேஜைக்குப் போய், "அனு, இதை எப்படிச் சீக்கிரமா பண்ணலாம்?" என்று கேட்டார். ஒரு நாளில் அவர் எத்தனை முறை அனு என்று சொல்கிறார் என்று ஜோதிமணி எண்ணினாள். ஒரு திங்கட்கிழமை பதினான்கு முறை. தன் பெயரை இரண்டு முறை. ஆகஸ்டில் சாவிக்கு ஒரு நகல் செய்து அனுப்ரியாவிடம் கொடுத்தார்கள்.

வீட்டிலும் அதே பேச்சு. அந்தப் பெண் உடுத்துவது, சிரிப்பது, கன்னடத்தில் டாக்டரோடு வாயாடுவது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். கணவன் சேகரன் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வை வேலையில் இருந்தான். எல்லாவற்றையும் சாப்பிட்டுக்கொண்டே கேட்பவன் ஒருநாள், "நீ வூட்டுக்கு வந்தா அந்தப் புள்ளையும் கூடவே வருது" என்றான். அன்று இரவு முழுக்க அவனோடு அவள் பேசவில்லை.

தேவராஜ மார்க்கெட் பக்கத்து நடைபாதையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் புத்தகம் வாங்கினாள். அது முந்தைய வகை மென்பொருளுக்கான புத்தகம், படங்களே வேறு மாதிரி இருந்தன. ஆனாலும் ஒரு மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது கதவைச் சாத்திக்கொண்டு தானே அந்த மெர்ஜை முயன்றாள். பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. முதல் தாளில் ஒரு பெயர். இரண்டாவது தாளிலும் அதே பெயர். மூன்றாவதிலும். எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் கடைசியில் பிரிண்டரின் ஒயரைப் பிடுங்கினாள். பதினான்கு தாள் வந்திருந்தது. அதைச் சுருட்டிக் கைப்பையில் திணித்துக்கொண்டு போய் வீட்டு வெந்நீர் அடுப்பில் போட்டாள். அனுப்ரியாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பாள். அதனால்தான் அவளால் கேட்க முடியவில்லை.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் முகாம்கள் நடந்தன. ஹனூரில் முதலில், பிறகு மேல்கோட்டை, கொள்ளேகால், கடைசியாகத் தமிழ்நாட்டு எல்லையில் பாலாறு செக்போஸ்ட் பக்கத்துக் காட்டு ஊர்கள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அறுவைக்குத் தேர்வானார்கள். முகாமில் கையால் எழுதிய பதிவேட்டைப் பார்த்து ஜோதிமணி எல்லோரையும் எக்செல் பட்டியலில் அடித்தாள். வரிசை எண், பெயர், வயது, ஆணா பெண்ணா, தெரு, ஊர், அறுவைத் தேதி. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு இருபத்தாறு பேர், நான்கு வாரம். முதல் நாள் ஹனூர். வேறு நகல் வைக்காமல் பட்டியலை ஒரு ஃப்ளாப்பியில் மட்டும் சேமித்து விஜய்குமாரிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கி அனுப்ரியாவிடம் நீட்டினார். கடிதத்தை நீயே போட்டுவிடு அனு, அப்படியே பெயரை அகர வரிசையில் மாற்றிவிடு, டாக்டருக்குத் தேட வசதியாக இருக்கும் என்றார்.

கடிதம் கன்னடத்தில் அச்சடித்த தாள். அதில் பெயர், விலாசம், தேதி மட்டும் ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். அனுப்ரியா அரைமணியில் பட்டியலைத் தயார் செய்துவிட்டு, மாதிரிக்கு அங்கங்கே ஐந்து தாள் அச்செடுத்துக்கொண்டு ஜோதிமணியின் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, ஒந்து நிமிஷம். இதைப் பாருங்க. எல்லாம் சரியா இருக்குதா? இருந்தா மிச்சமும் ப்ரிண்ட் கொடுத்துடறேன்."

ஜோதிமணி தாள்களைப் புரட்டினாள். மூன்றாவது தாளில் அவள் கண் நின்றது. செல்வப்பிள்ளை ஐயங்கார், பாலாறு செக்போஸ்ட் அருகில். அவர் மேல்கோட்டைக்காரர், அங்கே சமஸ்கிருத பாடசாலையில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பதிவேட்டில் குறித்திருந்தது. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி அடிக்க அவள் பட்ட பாடு அவளுக்கு நினைவிருந்தது. அடுத்த தாளைப் பார்த்தாள். ஜடையன், சன்னதித் தெரு, மேல்கோட்டை. ஜடையன் மலையடிவாரத்துக்காரர், பாலாற்றில் பெயர் கொடுத்தவர். என்ன நடந்திருக்கிறதென்று அவளுக்கு உடனே புரிந்தது. பெயர்களை மட்டும் அகர வரிசையில் மாற்றியிருக்கிறாள். ஊரும் தெருவும் தேதியும் கூடவே நகரவில்லை, இருந்த இடத்திலேயே நின்றுவிட்டன. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் அடுத்தவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து விஜய்குமார் அந்தப் பக்கம் போனவர் நின்று, "என்ன அனு, அதுக்குள்ள ஆயிடுச்சா? ஜோதிமணியா இருந்தா ஒரு வாரம் கேட்டிருப்பா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

ஜோதிமணி தாள்களை ஒன்றாகத் தட்டிச் சேர்த்தாள்.

"சரியாத்தான் இருக்குது. கொடுத்துரு" என்றாள்.

மாலைக்குள் எல்லாம் அச்சாகிவிட்டது. காளியப்பன் மடித்து, உறையிலிட்டு, தபால்தலை ஒட்டினான். அவள் வீட்டுக்குக் கிளம்பும்போது அவன் கித்தான் பையோடு தலைமைத் தபால் நிலையத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அப்போதும் அவளால் நிறுத்தியிருக்க முடியும். பஸ்ஸில் வரும்போது தனக்குள் பலவிதமாகச் சொல்லிக்கொண்டாள். நான் வெறும் அமைப்பைத்தான் பார்த்தேன். பெயரைப் பார்ப்பது என் வேலையில்லை. தபால்காரர்களுக்கு ஊரில் எல்லோரையும் தெரியும், எப்படியாவது சேர்த்துவிடுவார்கள். இரண்டு கடிதம் திரும்பி வந்தால் அவளுக்கும் ஒரு பாடம். இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து முதல் அறுவை நாள். மருத்துவமனை பஸ் விடிவதற்குள் ஹனூருக்குப் புறப்பட்டது. இருபத்தாறு பேருக்குப் படுக்கை விரித்து, சொட்டு மருந்து எடுத்து வைத்து, டாக்டர்கள் இருவர் காத்திருந்தார்கள். பஸ் பதினோரு மணிக்கு வந்தது. அதிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். அதிலும் ஒருவர் கையில் இருந்தது வேறு யாருக்கோ வந்த கடிதம். பஸ் டிரைவரிடம் கொடுத்திருந்த பட்டியலும் அதே ஃப்ளாப்பியிலிருந்து அச்செடுத்ததுதான். அதில் இல்லாதவர்களை அவர் ஏற்றவில்லை. தபாலில் ஏதாவது தாமதமோ என்று விஜய்குமார் குழம்பினார்.

குழப்பம் மறுநாள் தீர்ந்தது. ஹனூரிலிருந்து பூவாத்தாள் என்ற பெண்மணி, பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ் மாறி வந்து சேர்ந்தாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. வரவேற்பு மேஜைக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் நடுவில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, யார் எதிரில் நிற்கிறார்கள் என்று தெரியாமல் பொதுவாகப் பேசினாள். ஜோதிமணிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அது அவள் அம்மா பேசுகிற பேச்சு.

"பஸ்ஸு எங்கூட்டு முன்னாடிதானுங்க நின்னுச்சு. ஓடிப் போயி ஏறப் போனா, என்ற பேரு இல்லீன்னு டிரைவரு எறக்கி உட்டுட்டாரு. முகாம்ல மொதப் பத்துப் பேத்துல நான் பேரு குடுத்தவளுங்க. எழுதறவீங்களுக்குக் கண்ணு நல்லாத்தானுங்க இருக்கும்?"

விஜய்குமார் பட்டியலை வாங்கித் தேடினார். பூவாத்தாள் கொள்ளேகாலில் இருந்தாள், டிசம்பர் நடுவில் ஒரு தேதியோடு. அவர் அனுப்ரியாவைக் கூப்பிட்டார். அனுப்ரியா பட்டியலின் இரண்டு பக்கத்தைத்தான் பார்த்தாள். பெயர் இருந்த வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றியிருக்கிறேன் சார், மற்றதும் கூடவே வரும் என்று நினைத்துவிட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. மாற்றியதை அப்படியே சேமித்தும்விட்டாள். பழைய பட்டியல் எங்கும் இல்லை, அதே ஃப்ளாப்பியில் அதே பெயரில் எழுதப்பட்டுவிட்டது.

ஜோதிமணி தன் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்திருந்தாள். ஜோதி அக்காவும் பார்த்தார்கள் என்று அடுத்து சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தாள். நான் அமைப்பைத்தான் பார்த்தேன் சார் என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அனுப்ரியா சொல்லவில்லை. விஜய்குமார், யாரிடமாவது சரிபார்க்கக் கொடுத்தாயா என்று நேராகவே கேட்டார். அவள் இல்லை என்று தலையசைத்தாள், என் தப்புதான் சார் என்றாள். அந்தப் பெருந்தன்மையும் ஜோதிமணிக்கு எரிந்தது. இதிலும் அவளே மேலே நிற்கிறாளே என்று தோன்றியது.

விஜய்குமார் கத்தவில்லை. பூவாத்தாளை உள்ளே படுக்கையில் சேர்க்கச் சொன்னார். அனுப்ரியாவுக்கு எழுத்தில் ஒரு மெமோ கொடுத்தார், டிசம்பருக்கு மேல் வேலை இல்லை என்று பொருள்படும்படி. கம்ப்யூட்டர் அறையின் இரண்டாவது சாவியை வாங்கிக் கொண்டுவந்து ஜோதிமணியின் மேஜையில் வைத்தார்.

"இந்த வித்தையெல்லாம் வேண்டாம். நீங்க பழையபடி பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொண்ணா அடிங்க. லேட்டானாலும் பரவாயில்லை" என்றார்.

நான்கு மாதமாக அவள் எதற்காக ஏங்கினாளோ அது அப்படியே மேஜைக்கு வந்துவிட்டது. உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தாள். முதல் ஒரு மணி நேரம் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். கண்ணாடிக்கு அப்பால் அனுப்ரியா தலையைக் குனிந்துகொண்டு சீட்டுப் போடுவது தெரிந்தது. மாலை வரை நாற்பத்தொரு கடிதம் ஆனது. மீதியைக் கணக்கிட்டுப் பார்த்தாள். இன்னும் ஏழு வேலை நாள். அதற்குள் மூன்று அறுவை நாள் போய்விடும். தேதி போனவர்களுக்கு அடுத்த முறை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை பதிவேட்டையும் திரையில் இருந்த கெட்டுப்போன பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வரிசை எண் ஒன்பது. பதிவேட்டில் பூவாத்தாள், ஐம்பத்து நான்கு, பெண், ஹனூர். திரையில் வயது ஐம்பத்து நான்கு, பெண், ஹனூர், தேதியும் சரி. பெயர் மட்டும்தான் வேறு. பத்தும் அப்படியே. நூறும் அப்படியே. அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். எல்லாவற்றையும் திரும்ப அடிக்க வேண்டியதே இல்லை. பெயர்களை மட்டும் பதிவேட்டு வரிசைப்படி மேலிருந்து கீழாக அடித்தால் போதும். அது அவளுக்கு இரண்டு மணி நேர வேலை. அதன் பிறகு கடிதங்களை நிரப்பிக்கொள்ள கம்ப்யூட்டருக்குத் தெரியும். அதைச் செய்யச் சொல்லத்தான் அவளுக்குத் தெரியாது.

எழுந்து வரவேற்பு மேஜைக்குப் போனாள். அனுப்ரியா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அனு, பேரு மட்டும்தான் மாறியிருக்குது. நான் அடிக்கறேன், நீ படி. அப்பறம் அந்த மெர்ஜை நீதான் போடோணும். எனக்கு அது வரலை."

எனக்கு வராது என்று அந்த அலுவலகத்தில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அனுப்ரியா, சார் வேண்டாமென்றாரே என்றாள். சாரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று ஜோதிமணி அவளை உள்ளே அழைத்துப் போனாள்.

சீட்டுப் போடும் மேஜையில் காளியப்பன் உட்கார, இருவரும் ஆரம்பித்தார்கள். அனுப்ரியா பதிவேட்டின் மேல் ஒரு அளவுகோலை வைத்து நகர்த்தி நகர்த்திப் பெயர் படித்தாள். ஜோதிமணி திரையைப் பார்க்காமலே அடித்தாள். அந்த வேகத்தில் அந்தப் பெண் அசந்துபோனது அவளுக்குத் தெரிந்தது. வேறு சமயமாக இருந்தால் அதை வீடு வரை கொண்டுபோய் ருசித்திருப்பாள். அறுபதாவது பெயரைத் தாண்டும்போது அவள் கை நின்றது.

"அன்னைக்கு நீ குடுத்த அஞ்சு தாள்லயே தப்பு இருந்துச்சு. நான் பாத்தேன்."

அனுப்ரியா அளவுகோலிலிருந்து கையை எடுக்காமல் அவளைப் பார்த்தாள். "பாத்துட்டும் சரின்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"யாக்கே? ஏன் அக்கா? நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை. எனக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுது. அதைப் பாக்க எனக்குப் பொறுக்கலை. வேற காரணம் சொல்ல எனக்கு இல்லை."

வெளியே காளியப்பன் யாரையோ வரிசையில் நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தான். எழுந்து போய்விடுவாள் என்று ஜோதிமணி நினைத்தாள். எழுந்துதான் போனாள். முகம் கழுவிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"அறுபத்து மூணு" என்றாள். "மாதப்பன்."

அதற்குப் பிறகு பெயர்களைத் தவிர அந்த அறையில் வேறு பேச்சு இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டாவது பெயர் முடிந்ததும் அனுப்ரியா பட்டியலை இரண்டு ஃப்ளாப்பிகளில் நகல் எடுத்தாள். பிறகு மெர்ஜ் செய்து, ஊர்வாரியாக இருபது தாள் எடுத்துத் தானே பதிவேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு, பிரிண்டரை ஓடவிட்டாள். ஜோதிமணியை ஒரு தாளும் பார்க்கச் சொல்லவில்லை.

அவள் அச்செடுத்துக்கொண்டிருக்கும்போதே ஜோதிமணி விஜய்குமாரின் அறைக்குப் போனாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். செல்வப்பிள்ளை ஐயங்கார் பெயரைப் பார்த்ததையும், அப்போது அவர் அந்தப் பக்கம் போனபோது சொன்ன வார்த்தையையும் சொன்னாள். அந்த வார்த்தை அவருக்கு நினைவில்லை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். உங்களை வெளியே அனுப்பத்தான் தோன்றுகிறது, ஆனால் இந்தக் கடிதங்கள் நாளைக்குள் போயாக வேண்டும் என்றார். அனுப்ரியாவின் மெமோவை வாங்கிக் கிழித்தார். ஜோதிமணிக்கு ஒன்று எழுதினார். அதில் அவள் கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு நாளாக இருந்த பாரம் இறங்கியதும் அப்போதுதான்.

தபாலை நம்ப நேரமில்லை. முகாமுக்கு உதவிய ஆட்கள் மூலம், மருத்துவமனை ஜீப்பில், ஹனூருக்கும் கொள்ளேகாலுக்கும் பாலாற்றுக்கும் கடிதங்கள் நேராகப் போயின. மேல்கோட்டைக்கான கடிதக் கட்டைக் காளியப்பன் பஸ்ஸில் கொண்டுபோனான். அந்த வாரக் கடைசி அறுவை நாளில் பஸ் நிறைந்து வந்தது. செல்வப்பிள்ளை ஐயங்கார் டிசம்பரில் தன் தேதிக்கு வந்து, இறங்கியதுமே தனக்குத் தனியாகச் சமைத்த தளிகை கிடைக்குமா என்று கேட்டார். முதல் வாரம் தேதி தவறியவர்களைக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டு நாள் கூடுதலாகப் போட்டு முடித்தார்கள். பூவாத்தாள் கட்டுப் பிரித்த அன்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் அறை வழியாக நடந்து போனாள். ஜோதிமணியை அவளுக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்தபோது கணக்கில் பதினேழு பேர் குறைந்தார்கள். பெரும்பாலும் பாலாற்றுப் பக்கத்து ஆட்கள். தங்கள் விலாசத்துக்கு வேறு யாரோ பெயரில் வந்த முதல் கடிதத்தைப் பார்த்து, நம் பெயர் அடிபட்டுவிட்டது என்று எண்ணி, அறுவடைக் கூலிக்கு எல்லை தாண்டிப் போய்விட்டிருந்தார்கள். ஜோதிமணி அந்தப் பதினேழு பெயர்களைத் தனித் தாளில் எழுதி விஜய்குமாரிடம் கொடுத்தாள். அடுத்த முகாமில் அவர்களில் ஒன்பது பேர் கிடைத்தார்கள்.

அனுப்ரியா ஜனவரியில் நிரந்தரம் ஆனாள். ஜோதிமணியை மன்னித்ததாக அவள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நர்சுகளோடு போய் உட்கார்ந்துகொண்டாள். ஆனால் ஜோதிமணி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய், இதை எப்படிச் செய்வது என்று கேட்டால் மறுக்காமல் சொன்னாள். கேட்டதற்கு மட்டும் பதில். அதை எழுதிக்கொண்டு வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து நாலு தடவை செய்து பார்ப்பாள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் கூச்சமாக இருந்தது. கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. மார்ச்சுக்குள் மெர்ஜ் அவள் கைக்கு வந்துவிட்டது. நன்றிக் கடிதம் இருநூறு, ஒரே மத்தியானத்தில் போட்டாள்.

ஜூனில் அனுப்ரியாவுக்குப் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. வழியனுப்பு நாளில் விஜய்குமார் அவளைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். ஜோதிமணி கைதட்டினாள். தட்டும்போது நெஞ்சில் அந்தப் பழைய குடைச்சல் இருந்தது. போய்விடும் என்று நினைத்திருந்தாள், போகவில்லை. அனுப்ரியா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, இவளிடமும் வந்து வரேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்டில் ட்ரஸ்டுக்கு ஒரு வருடாந்திர அறிக்கை தேவைப்பட்டது. ஊர்வாரியாக, ஆண் பெண் வாரியாக எத்தனை அறுவை என்று ஒரே அட்டவணையில் வேண்டும். கையால் எண்ணினால் மூன்று நாள் ஆகும். கம்ப்யூட்டரில் ஏதோ வழி இருக்கும் என்று ஜோதிமணிக்கு இப்போது தெரியும், என்ன வழி என்று தெரியவில்லை. விஜய்குமாரிடம் எண்ணை வாங்கி, மத்தியானம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ப் பெங்களூருக்குப் போன் செய்தாள். யாரோ எடுத்து, பிறகு அனுப்ரியா வந்தாள். பின்னால் நிறையப் பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. அந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருப்பதை ஜோதிமணி நினைத்துப் பார்த்தாள். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நோட்டைத் திறந்தாள்.

அனுப்ரியா ஒவ்வொரு படியாகச் சொன்னாள். எந்த மெனு, எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதை எங்கே இழுத்து வைக்க வேண்டும். வேகமாகச் சொல்லிக்கொண்டு போனவள் நடுவில் நிறுத்தி, எழுதிக்கொண்டீர்களா என்று கேட்டாள். ஜோதிமணி எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டினாள். ஒரு இடத்தில் தப்பிருந்தது, அனுப்ரியா திருத்தினாள்.

"முழுப் பட்டியலையும் செலக்ட் பண்ணிக்கோங்க அக்கா" என்றாள் கடைசியில். "பேரு இருக்கற வரிசை மட்டும் போதாது."

"தெரியும்" என்றாள் ஜோதிமணி.

பிறகு அனுப்ரியா, அங்கே மழையா என்று கேட்டாள். காலையிலிருந்து தூறல் என்று ஜோதிமணி சொன்னாள். சொல்லிவிட்டுப் போனை வைத்து, பூத்துக்காரரிடம் காசு கொடுத்து, நோட்டைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தாள். அறிக்கை அன்று மாலையே முடிந்தது.